கழிக்கு இந்தப் பக்கம்

மார்கழி பிறந்தால்
என் வீட்டுச் சில்வர் சொம்புக்கு வேலை வந்துவிடும்.
பதினோரு படகு, பதினோரு சீட்டு.
இறால் பாடு பிரிக்க எப்படிக் குலுக்குவோமோ
விருந்தாளிக்கும் அப்படியே.
தடா பக்கமிருந்து வரும் காரை
எவனும் முந்திப்போய் மறிக்கக் கூடாது.
சங்கம் போட்ட முதல் விதி அது.
இரண்டாவது, கழி.

ஏரிக்குள் ஓரிடத்தில் சவுக்குக் கழி நட்டிருக்கிறோம்,
உச்சியில் என் பழைய சேலைக் கிழிசல்.
அதைத் தாண்டி மோட்டார் கூடாது, துடுப்பும் கூடாது,
கைதட்டினால் படகு திரும்பிவிடும்.
அப்பால் நிற்பதை நாங்கள் பூநாரை என்போம்,
அக்கரையில் ராஜஹம்ஸ.
தமிழ்நாடு எங்கே முடிகிறது என்று கேட்பார்கள்.
தண்ணீரில் காட்டத் தெரியாது.
செல்லைப் பாருங்கள் என்போம்,
தெலுங்கில் மெசேஜ் வந்தால் முடிந்துபோச்சு.

போன தையில் என் வீட்டுக்காரர் போலய்யா
ஐநூறு ரூபாய்க்குக் கழியைத் தாண்டினார்.
நீள மூக்குக் கேமராக்காரன் ஒருவன்
பறக்கிற மாதிரி வேணும் என்றானாம்.
மோட்டாரை ஒரு முறுக்கு.
நான் கரையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.
வெள்ளையாய் நின்றதெல்லாம்
இறக்கையைத் திறந்ததும் சிவப்பு.
அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்.
புளித்தண்ணி முழங்கை வரை வழிய
நின்று பார்த்தேன்.
பார்க்கும்போதே தெரிந்தது,
பருந்து கிளப்பினால் இப்படிக் கிளம்பாது.

ஒன்பது நாள் திரும்பவில்லை.
வந்த காரெல்லாம் சேற்றைப் பார்த்துவிட்டுப் போயின.
சமைத்த நண்டை
பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம்,
அவர்களும் சமைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

கணக்கு நோட்டு என்னிடம்.
பத்து படகுக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து
மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்,
யார் வாயிலும் அந்தப் பேர் வரவில்லை.
நானே எழுதினேன்:
போலய்யா. மூன்று முறை கிடையாது.
ஐநூறு சங்கத்துக்கு.
எழுத்து விட்டு விட்டு விழுந்தது,
அது பேனாவின் கோளாறு.

பதினோரு படகில் மூன்று முறை போனால்
சீசனே போனது.
சூளூர்ப்பேட்டை இறால் கம்பெனியில்
உரிக்கச் சேர்ந்தேன்.
ஐஸில் விரல் வெளுத்து
சோறு பிசைந்தால் எரியும்.
அவர் பேசவில்லை. நானும்.
உப்பில்லாத குழம்பைக்கூட
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் தின்றோம்.

மாசி முடிந்தது, பறவை போனது.
பிறகு வலை, வெயில்,
முகத்துவாரம் தூர்ந்துவிட்டதா என்ற விசாரிப்பு.
இது நாலு மாசச் சோறு, தெரியும்.
அந்த நாலு மாசத்தில்தான்
என் மகள் ஹாஸ்டல் பணம் கட்டுகிறாள்.

இந்த வருஷம் முதல் சீட்டே அவருக்கு.
சொம்பைக் குலுக்கியது நான்தான், சந்தேகப்படாதீர்கள்.
நெல்லூர்க் குடும்பம், நாலு பேர்.
கழிக்கு ஐம்பது பாகம் முன்னாலேயே
அணைத்துவிட்டாராம் மோட்டாரை.
இன்னும் கொஞ்சம் என்று அந்தம்மா கெஞ்ச,
'இக்கடே சாலம்மா' என்றாராம்.
அவள் வீட்டுக்காரர் ஆயிரத்தை எடுத்து நீட்டினாராம்.
இதெல்லாம் அவர் சொல்லவில்லை.
அந்த வீட்டுப் பையன் சொன்னான்,
என் கூடத்தில் நண்டுக்காலை உறிஞ்சியபடி,
பாதி தெலுங்கு, பாதி கை.

போகும்போது நோட்டில் எழுதிவைத்தார்கள்.
அவர் எட்டிப் பார்த்தார்.
என்னவாம்?
படித்துச் சொன்னேன்:
சாப்பாடு நன்று. பறவைகள் ரொம்பத் தூரம்.

தூரம்தான், என்றார்.

இருட்டி வெகுநேரம் கழித்து
வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்,
கழியில் துணி நைந்துவிட்டது,
வேறு சேலை இருக்கிறதா.